கழுவிய தரை

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம். பேனாவை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அதனால் அதைக் கேட்காமலே மேலே போகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

போனில் பேசலாம்தான். போன வாரம் தங்கச்சி போனை உன் காதில் வைத்தபோது, நீ எடுத்த எடுப்பில் "என்னடா, மெஷின் ஓடுதா?" என்றாய். லைன் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. உனக்கு இன்னும் விரல் மடங்கவில்லை என்பதால் தங்கச்சிதான் படித்துக் காட்ட வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளம்மா.

மெஷின் ஓடுகிறது மச்சான். ஆனால் நீ இருந்தபோது ஓடிய மாதிரி இல்லை. புதிதாக வந்த மருந்து மூட்டை சரியில்லை. எவ்வளவு மெதுவாகத் தூவினாலும் தொட்டியில் தவளை முட்டை மாதிரி கட்டி கட்டியாக மிதக்கிறது. தங்கச்சிக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன், நீ சிரிக்காதே. ஊரே கழுவி ஊற்றும் சாக்கடைத் தண்ணீர் எங்களிடம் வருகிறது. அதைச் சுத்தம் செய்து வெளியே விட்ட பிறகு அடியில் தங்குவது கசடு. பார்க்கச் சேறு மாதிரி இருந்தாலும் அதில் முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர்தான். சும்மா பிழிந்தால் அந்தத் தண்ணீர் வராது. துகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் முறைத்துக்கொண்டு மிதக்கும். சர்க்கரை மாதிரி இருக்கும் அந்த வெள்ளை மருந்தைத் தண்ணீரில் கரைத்து ஊற வைத்து அளவாகச் சேர்த்தால், பிரிந்து கிடந்தவை எல்லாம் திரி திரியாகத் திரண்டு, நடுவில் தெளிந்த தண்ணீர் ஓட ஆரம்பிக்கும். பிறகு இரண்டு பெல்ட்டுக்கு நடுவில் கொடுத்து நசுக்கினால் ஈரமண் கட்டி மாதிரி விழும். அதற்குக் கேக் என்று பெயர். வேலையில் சேர்ந்த அன்று கேக் வருகிறது என்று நீ கத்த, நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தேன். அதைப் பதினாறு வருடமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, தங்கச்சியிடமும் சொல்லியிருப்பாய்.

உன் இடத்துக்குப் பம்ப் ஹவுஸிலிருந்து ஒரு அம்மாவை மாற்றியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவர் அக்கா. அதிகம் பேச மாட்டார். சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறைத் தாளை முதல் நாளே மூக்குக் கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். அந்தத் தாளை முழுசாகப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

இரண்டு குவளைகளில் கசடை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்து, "இன்னும் ஒரு சொட்டு" என்பாயே, அந்தக் கண் எங்கள் யாருக்கும் வரவில்லை. நம் மேற்பார்வையாளர் கணினியைப் பார்த்து அளவு சொல்கிறார். செவ்வாய்க்கிழமை மருந்து கூடிப்போய் பெல்ட் முழுக்கக் கோழை மாதிரி பிசுபிசுத்தது. புதன்கிழமை குறைந்துபோய்க் கசடு கஞ்சியாக ஓரத்தில் வழிந்தது. வியாழக்கிழமை அக்கா அவரிடம் போய், "சார், கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் லீவு குடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் பெல்ட் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ அங்கே நின்றிருந்தால் எவ்வளவு சத்தமாகச் சிரித்திருப்பாய்.

ஆம்புலன்ஸில் நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அது சுலபமாக இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாமே. தங்கச்சி புரட்டிப் போடும்போது முரண்டு பிடிக்காதே. குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்


வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள மச்சானுக்கு,

தங்கச்சியின் கடிதம் கிடைத்தது. உனக்குக் காய்ச்சல் வந்து வந்து போவதாக எழுதியிருக்கிறாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்களா? வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை லீவு எழுதிக் கொடுத்தேன், ஆள் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது தடவை திருப்பியபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எப்படி விழுந்தாய் என்று கேட்கிறார்களாம். நீ, "பாக்காம கால வச்சுட்டேன்" என்று ஒரே பதிலைச் சொல்கிறாயாம். தங்கச்சிக்கு அதைக் கேட்கக் கேட்க ஆத்திரம் வருகிறதாம். "இத்தனை வருஷம் நின்ன எடம், இறங்கின படி. ஒரு நிமிஷம் குனிஞ்சு பாத்திருந்தா எங்க மூணு பேர் கதியும் இப்படி ஆகியிருக்குமா அண்ணே?" என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். குழந்தை முற்றத்தில் ஓடினால்கூட, "அப்பா மாதிரி பாக்காம கால வைக்காதடி" என்று அவளையறியாமல் கத்திவிடுகிறாளாம். நீ அதைக் கேட்டுக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறாயாம்.

மச்சான், அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து அது நடந்தது.

மருந்து போகும் குழாயின் கிளிப் கழன்று, கரைத்த மருந்து மேடைக்குக் கீழே கொட்டிவிட்டது. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அக்கா ரப்பர் குழாயை எடுத்துத் தண்ணீரைத் திறக்கப் போனார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். "தண்ணி அடிக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா குழாயைக் கீழே போட்டார். "தெரியும் தம்பி, தாள்ல படிச்சேன். அவசரத்துல மறந்துட்டேன். மரத்தூள் போட்டு அள்ளிட்டுத்தான் கழுவணும்" என்றார். நாங்கள் இரண்டு பேருமாக மரத்தூளைக் கொட்டி, வாரி, மறுபடி கொட்டி, வாரினோம். எல்லாம் முடிந்த பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு அவரு விழுந்தப்ப தரையில யாரு தம்பி தண்ணி அடிச்சது?"

நான் மரத்தூள் டிரம்மை நிரப்பக் கிடங்குக்குப் போய்விட்டேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை.

தங்கச்சி, இதுவரை நீ அவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாய். இனி வருவதையும் நிறுத்தாமல் படி. உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் மறைத்தோம். நாலு மாதமாக நீ யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாயோ, அந்தத் திட்டு அவனுக்குரியது அல்ல.

அன்று காலையிலும் இதே கிளிப்தான் கழன்றது. மரத்தூள் டிரம் காலியாக இருந்தது. அதை நிரப்பி வைக்க வேண்டியவன் நான், முந்தின நாளே செய்திருக்க வேண்டும், நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். பதினோரு மணிக்குப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. கிடங்குக்குப் போய் மூட்டையை இழுத்து வர நேரமில்லை என்று ரப்பர் குழாயை எடுத்துத் தண்ணீர் அடித்துவிட்டேன். மருந்து தண்ணீர் பட்டதும் பரவி, எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பார்த்தால் தெரியாது. தரை கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது. பூட்ஸ் போட்டிருந்தாலும் கால் நிற்காது. மச்சான், நீ பூட்ஸும் போட்டிருந்தாய். கைப்பிடியையும் பிடித்திருந்தாய்.

இவ்வளவும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ மேடையில் பெல்ட்டைச் சரி செய்துவிட்டுத் திரும்பியதை நான் பார்த்தேன். கீழே இறங்கப் போகிறாய் என்று தெரிந்தது. "நில்லு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் பார்வையிட வந்தவர்களை அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நான் கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. இரண்டு படிதானே, கைப்பிடியைப் பிடித்திருக்கிறானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இரண்டு படி நீ குனிந்து பார்த்துத்தான் இறங்கினாய். மூன்றாவதாகத் தரையில் காலை வைத்தாய். இரும்புப் படியின் விளிம்பில் உன் பிடரி பட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தச் சொல்லை நான் காப்பாற்ற வேண்டுமா? ஆபீசில் போய்ச் சொல்லிவிடுகிறேன், நீ ஒரு வார்த்தை சரி என்று சொல். திட்டியாவது சொல். பதிலுக்குக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்


புதன்கிழமை, காலை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. அவன் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். நீ சாப்பிடுகிறாயா? தூங்க முடிகிறதா? கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே கழித்தாய் என்று கூடப் பிறந்த உன் அண்ணன்மார் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா. குழந்தைக்கு இனி நீதான்.

துக்கத்துக்கு நான் அங்கு வந்திருந்த அன்று நீ ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "உங்க லெட்டர் வந்துச்சுண்ணே. அன்னிக்குத்தான் மூச்சு முட்டுதுன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். கண்ணு முழிச்சதும் படிச்சுக் காட்டலாம்னு பிரிக்காமலே வச்சிருந்தேன். இனிமே யாருக்குண்ணே படிக்கிறது?" என்று கேட்டாய்.

அந்த இடத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கவரை என்னிடமே கொடுத்துவிடம்மா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கைகூட நீண்டுவிட்டது. நீ கொடுத்திருப்பாய். வாங்கிக் கிழித்துப் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். நான் கேட்காமல் இருந்தது நல்ல புத்தியால் அல்ல. உன்னை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள், நீ போய்விட்டாய். அவ்வளவுதான்.

அதன் பிறகு திண்டாடிக்கொண்டு வெளியே நின்றிருந்தேன். அப்போது உன் மகள் தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்தாள். இரண்டே படி. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் முதலில் கட்டை விரலால் தொட்டுப் பார்த்து, அப்புறம் காலை வைத்து இறங்கினாள். பத்து வயதுப் பிள்ளை எழுபது வயதுக்காரி மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அப்பனுக்கு இல்லாத பொறுப்பு இதுக்கு இருக்கு பாரு" என்று பெருமையாகச் சொன்னார். குழந்தை தலையைக் குனிந்துகொண்டது. நான் அன்று உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்குக் காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள். மறுநாள் காலை சட்டையைத் தேய்த்து எடுத்துக் கொடுத்து, "போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வராதீங்க" என்றாள்.

ஆபீசில் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. மேற்பார்வையாளர் கதவைச் சாத்திவிட்டு, "அது முடிஞ்சுபோன ஃபைல்யா. அவரே சொல்லி, கைரேகை வச்சுக் குடுத்த வாக்குமூலம். இப்ப எதுக்குக் கிளறுற? போனவருக்கு இதனால என்ன ஆகப்போகுது?" என்றார். அவருக்கு ஒரு பொண்ணு இருக்குங்க என்று சொன்னேன். மூன்று நாள் அலைய விட்டார்கள். நான்காம் நாள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டதையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தேன். அதை எழுத வேண்டாம், இந்த விவகாரத்துக்கு அது தேவையில்லை என்று குமாஸ்தா சொன்னார். எழுதுங்கள் என்றேன். அந்த நான்கு நாளும் அக்கா வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தார். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசி நாள் மட்டும், "டீ குடிக்கலாம் வா தம்பி" என்றார்.

திருத்திய அறிக்கையின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். 'பணியாளர் பாதுகாப்புக் காலணி அணிந்து, கைப்பிடியைப் பற்றி, உரிய கவனத்துடனேயே இறங்கியுள்ளார்' என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் படி. இதை வைத்து அவன் பெயரில் உங்களுக்கு வர வேண்டிய நஷ்டஈட்டையும் கேட்டு வாங்கலாமாம். அதற்கு வேண்டிய விண்ணப்பத்தையும் அக்கா வாங்கிக் கொடுத்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி நீ ஒன்றும் நினைக்காதே. ஐந்து மாதமாக அந்தப் படிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்ததைவிட இது பரவாயில்லை.

ஆம்புலன்ஸில் என்ன பேசினோம் என்று நீ ஒரு தடவை எழுதிக் கேட்டிருந்தாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவன் கழுத்தில் பட்டை போட்டிருந்தார்கள். கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. "தண்ணி அடிச்சியா?" என்று கேட்டான். தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. நான்தான் பாக்காம கால வச்சேன், புரியுதா? படுக்கிறது ஒருத்தன் போதும்டா" என்றான். நான் அழுதேன். "கத்தாத, டிரைவர் பயந்துருவான்" என்றான். அந்த நிலைமையிலும் அவனுக்கு வேடிக்கைதான்.

தனக்கு உடம்பு தேறிவிடும், கொஞ்ச நாளைக்குத்தான் இந்தப் பொய் என்று நினைத்திருப்பான். உன் வாயால் தினமும் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டான். வாங்கியபோதும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தங்கச்சி, நீ திட்டியதற்காக உன்னை நீயே நொந்துகொள்ளாதே. உன்னைத் திட்ட வைத்தவன் நான். அந்தப் பாரம் உனக்கு வேண்டாம், அதை என்னிடம் விட்டுவிடு.

அந்தக் கவரை இப்போது பிரி. அவனுக்குப் படித்துக் காட்டுவதற்காக எழுதியது, உனக்குத்தான் வந்து சேரும் என்று இருந்திருக்கிறது. அதில் அவனுக்கே தெரியாத ஒன்றை எழுதியிருக்கிறேன். அதைக் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று தினமும் யோசிக்கிறேன். போடா என்று சிரித்திருப்பானா, முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பானா? பதினாறு வருடம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான்தான் தாமதம் பண்ணித் தொலைத்தேன். அதைப் படித்த பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம். என் பெயரை அந்த வீட்டில் எடுக்கவும் வேண்டாம். மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்காக இல்லை. குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கப்பா பாத்துத்தாம்மா கால வச்சாரு என்று சொல். நம்பும் வரைக்கும் சொல். நம்பாவிட்டால் அந்த இரண்டாம் பக்கத்தைப் படிக்கச் சொல். யார் கழுவிய தரை என்று கேட்டால் என் பெயரைச் சொல். சுவரிலிருந்து அவள் கையை எடுத்துவிடம்மா. நன்றாக இருக்கட்டும் அவள். ஓடட்டும். விழுந்து முட்டி பேர்ந்தாலும் பரவாயில்லை, ஓடட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன்னைத் தங்கை என்று எழுதத் துணிகிற
அண்ணன்